பதிவேட்டில் எழுதாதது

நொய்யலில் மீன் வந்துவிட்டது என்று திருப்பூரில் இப்போது பலரும் சொல்கிறார்கள். உண்மைதான். மழைக்காலம் முடிந்த கையோடு பாலத்தின் மேல் நின்று பார்த்தால் ஜிலேபிக் கூட்டம் கரையோரம் மேய்வது தெரியும். தடுப்பணைக் கற்களில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காய வைக்கின்றன. இதைச் சொல்கிறவர்களில் என்னோடு வேலை பார்த்தவர்களும் உண்டு. அவர்கள் குரலில் ஒரு நிம்மதி இருக்கிறது, பழைய பாக்கி தீர்ந்துவிட்டது என்பது போன்ற நிம்மதி. எனக்கும் அது வேண்டியிருந்தது. கொஞ்ச காலம் அதை என்னுடையதாக வைத்துக்கொண்டும் இருந்தேன். அது எனக்குச் சேர வேண்டியதல்ல. ஏன் அல்ல என்பதை முழுக்கச் சொல்லிவிட வேண்டும்.

நான் வேதியியல் படித்தவன். தொண்ணூறுகளின் கடைசியில் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் கழிவுநீர்ப் பொறுப்பாளராகச் சேர்ந்தேன். சாய மெஷின்களில் இருந்து வரும் தண்ணீரைத் தொட்டியில் வாங்கி, சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் போட்டுக் கலக்கி, சேற்றை அடியில் படிய விட்டு, தெளிந்த தண்ணீரை வெளியே அனுப்புவது என் வேலை. சேற்றை மூட்டை கட்டிக் கொட்டகையில் அடுக்குவோம். மை போல உள்ளே வந்த தண்ணீர் வெளிர் மஞ்சளாக வெளியே போகும். பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துக் காட்டுவேன். எல்லோரும் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

அந்தக் குவளையில் இருந்ததை நான் அறிவேன். பருத்தித் துணிக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் தானாக நூலில் ஏறாது. அதைத் தண்ணீரில் இருந்து துணிக்குத் தள்ள உப்பு வேண்டும். அடர் நிறம் என்றால் லிட்டருக்கு அறுபது கிராம் வரை போகும். ஒரு கிலோ துணிக்கு எட்டு லிட்டர் தண்ணீர் என்று வைத்தாலே அரைக் கிலோ உப்பு ஆகிவிடுகிறது. பழைய விஞ்ச் மெஷின்களில் தண்ணீர் இன்னும் அதிகம், உப்பும் அதிகம். சாயத்தில் ஒரு பங்கு துணியில் தங்கும், மீதி அலசலில் போகும். உப்போ ஒரு கிராம்கூடத் துணியில் தங்குவதில்லை. நாளுக்கு இரண்டு டன் துணி போடும் நடுத்தரப் பட்டறை, நாளுக்கு ஒரு டன் உப்பை அப்படியே தண்ணீரோடு வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. ஊரில் 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் இருந்தன.

சுண்ணாம்பும் ஃபெரஸும் நிறத்தை எடுக்கும், உப்பைத் தொடாது. சொல்லப்போனால் ஃபெரஸ் சல்பேட் தன் பங்குக்குக் கொஞ்சம் உப்பைச் சேர்த்துவிட்டுத்தான் போகும். இது பட்டப்படிப்பு முதல் வருடத்துப் பாடம். கரைந்த உப்பின் அளவை டி.டி.எஸ். என்போம். லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் வெளியே விடக்கூடாது என்பது விதி. என் தொட்டியில் அது பல மடங்கு இருந்தது. பதிவேட்டில் நான் 1,950 என்று எழுதினேன். மறுநாள் 2,040. அதற்கு மறுநாள் 1,980. ஒரே எண்ணாக இருந்தால் சந்தேகம் வரும் என்பதால் முன்பின்னாக மாற்றி எழுதுவேன். மீட்டரைத் தண்ணீரில் முக்காமலே எழுதிய நாட்களும் உண்டு. யாரும் என்னை மிரட்டி எழுத வைக்கவில்லை. அப்படி எழுதினால்தான் வேலை ஓடும் என்று நானே புரிந்துகொண்டேன். கையெழுத்து என்னுடையது.

அடுத்தது மழை இரவுகள். தொட்டி நிறைந்துவிட்டால் மெஷினை நிறுத்த வேண்டும். ஏற்றுமதிக்குக் கப்பல் தேதி இருக்கும்போது மெஷினை நிறுத்தச் சொல்ல அங்கே ஒருவருக்கும் வாய் வராது. பட்டறைக்குப் பின்னால் ஓர் ஓடை, அது நேராக நொய்யலில் போய்ச் சேரும். தொட்டியின் அடியில் இருந்து அந்த ஓடைக்கு ஒரு குழாய் இருந்தது. கட்டட வரைபடத்தில் அது கிடையாது. மேற்கே மேகம் கறுத்தால் "மழை வரும் போலிருக்குதே" என்று மேனேஜர் சொல்வார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். ஓடையில் வெள்ளம் இறங்கும் நேரம் பார்த்து வால்வைத் திறப்பவன் நான். சேறு கலந்த தண்ணீரில் நிறம் தெரியாது. வெள்ளம் எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். நம்ப ஆசைப்பட்டதால் சொன்னேன். ஓடைக்கரையில் எத்தனை பட்டறைகளில் அதே நேரத்தில் அதே வால்வு திறக்கிறது என்று எனக்குத் தெரியாதா?

முதல் மழைதான் ஆற்றுக்கு மிகக் கெட்டது. கோடை முழுக்க ஓடைகளிலும் பள்ளங்களிலும் தேங்கி, வெயிலில் சுண்டி, கெட்டியான கழிவு மொத்தமும் முதல் வெள்ளத்தில் ஒன்றாக இறங்கும். நன்னீர் மீனின் உடம்பு ஆற்றுநீரைவிட உப்பு கூடியது. அதன் செவுள்கள் தண்ணீரில் இருக்கும் சொற்ப உப்பைப் பிடித்து உள்ளே வைத்துக்கொள்வதற்காக அமைந்தவை. வெளித்தண்ணீர் திடீரென்று உப்பாகும்போது அந்த ஏற்பாடு தலைகீழாகிறது, உடம்பில் இருந்து நீர் வெளியேறத் தொடங்கும். கூடவே பிராணவாயு குறையும். சாயம் வெளிச்சத்தை மறைப்பதால் அதை ஈடுகட்டப் பாசியும் பிழைக்காது. பெரிய மீன் ஒருவேளை தாங்கும், முட்டையும் குஞ்சும் தாங்காது. ஒரு வருடம் மழை தொடங்கிய வாரத்தில் ஊருக்குப் போகும் வழியில் கெண்டையும் கெளுத்தியும் வயிறு மேலாகக் கரையில் ஒதுங்கிக் கிடந்ததைப் பார்த்தேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் ஜன்னலைச் சாத்தினேன்.

அந்த வாரமும் நான் வால்வைத் திறந்திருந்தேன்.

இதையெல்லாம்விடச் சொல்லக் கடினமானது ஒன்று இருக்கிறது. என் அம்மா பிறந்த ஊர் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே, ஆற்றை ஒட்டி இருக்கிறது. 1992-இல் அணை கட்டி முடிந்தபோது அம்மாவின் அப்பா, என் அப்புச்சி, கோயிலுக்குக் கிடா வெட்டியதாகச் சொல்வார்கள். வாய்க்கால் வரும், இனி ஆற்றுத் தண்ணீரே பாயும் என்ற சந்தோஷம். சில வருடங்களிலேயே அணை சாயக்கழிவைத் தேக்கி வைக்கும் தொட்டியாகிவிட்டது. ஒருமுறை நான் ஊருக்குப் போனபோது அப்புச்சி என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார். ஆற்றில் மோட்டார் வைத்திருந்தார். மஞ்சள் போடுவதற்குப் பார் பிடித்து வைத்திருந்தது.

"ஏன் கண்ணு, நீ அங்கயேதான இருக்கறே. இந்தத் தண்ணியப் பாய்ச்சலாமா?"

தண்ணீரைப் பார்த்தேன். நிறம் பெரிதாக இல்லை. "கலரெல்லாம் எடுத்துட்டுத்தான் விடறோம் அப்புச்சி. பாய்ச்சுங்க, ஒண்ணும் ஆகாது" என்றேன்.

மழை இரவுகளை விட்டால் முதல் வாக்கியம் உண்மை. அதை நம்பித்தான் அவர் இரண்டாவதையும் நம்பினார். ஊரில் வேறு யாராவது சொல்லியிருந்தால் இரண்டு பேரிடம் விசாரித்திருப்பார். பேரன் படித்தவன், அந்த வேலையிலேயே இருப்பவன். அவருக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. 'பாய்ச்சாதீர்கள்' என்று சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பார். ஏன் என்று சொன்னால் நான் என்ன செய்கிறேன் என்பதும் வெளியே வந்திருக்கும். அந்த ஒரு கேள்வியைத் தவிர்க்க ஒரு தோட்டத்தைக் கொடுத்தேன்.

மஞ்சள் இலை நுனியில் இருந்து கருகிக்கொண்டே வந்தது. மண்ணின் மேல் வெள்ளையாக ஓர் ஏடு படர்ந்தது. உப்பில் இருக்கும் சோடியம் களிமண்ணின் கட்டமைப்பையே கலைத்துவிடும். ஈரத்தில் குழம்பாகவும் காய்ந்தால் கல்லாகவும் மாறும் அந்த மண்ணில் வேரும் இறங்காது, நீரும் இறங்காது. பிறகு கிணற்றுக்கும் உப்பு வந்தது. தென்னையில் காய் சிறுத்தது, இளநீர் கரித்தது. மாடுகள் தொட்டியில் வாய் வைத்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டன. ஊரெல்லாம் அப்படித்தான் ஆயிற்று, நான் சொல்லாமல் இருந்தாலும் கிணற்றுக்கு உப்பு வந்துதான் இருக்கும் என்று பல வருடங்கள் எனக்குள் வாதாடினேன். வாதம் சரியாகவே இருக்கலாம். ஆனாலும் அப்புச்சி கேட்டபோது நான் பொய் சொன்னேன். அவர் சாகும்வரை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்தக் காலத்தில் எனக்குத் துணையாக நின்றது ஒரே ஒரு சமாதானம்தான். ஆறு ஏற்கெனவே செத்துவிட்டது, இனி அதில் ஒரு தொட்டி விட்டால் என்ன, விடாவிட்டால் என்ன? பட்டறைகளில் டீ குடிக்கும்போது எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். பத்திரிகைகளும் அப்படியே எழுதின. ஆற்றுக்காகக் கண்ணீர் விட்ட நல்லவர்கள்கூட அதைச் செத்த ஆறு என்றுதான் சொன்னார்கள். அவர்களுக்கு அது துக்கம். எனக்கு அது அனுமதிச் சீட்டாக இருந்தது.

கீழ்ப்பகுதி விவசாயிகள் அப்படி நினைக்கவில்லை. அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். சூழல் இழப்புக்கான ஆணையம் 2004 டிசம்பரில், 28,000-க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு ஏறத்தாழ 24.8 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று கணக்கிட்டது. வகுத்துப் பாருங்கள், ஆளுக்கு ஒன்பதாயிரம் ரூபாய்கூட வராது. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் சங்கம் போட்ட வழக்கில் 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவையும் வெளியே விடாத நிலைக்கு வந்தாக வேண்டும் என்றது. பட்டறைக்காரர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2009 அக்டோபரில் அங்கும் விவசாயிகள் பக்கமே தீர்ப்பு வந்து, மூன்று மாதம் கெடு கொடுக்கப்பட்டது. கெடு போனது, வருடமும் போனது. கடைசியில் 2011 ஜனவரி 28-ஆம் தேதி, சாயப்பட்டறைகள் அத்தனையையும் மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மின்சாரத்தைத் துண்டித்தார்கள்.

அன்று வரை வேலை பார்த்தேன். முந்தின வடகிழக்குப் பருவமழையிலும் வால்வு திறந்ததுதான். நான் திருந்தி நிறுத்தியவன் அல்ல, கரண்ட் போனதால் நின்றவன். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இப்போது ஆற்றைப் பற்றிப் பேசும்போது "அப்புறம் நாங்கள் எல்லாவற்றையும் சரி செய்துவிட்டோம்" என்று ஒரு வாக்கியம் எங்கள் ஆட்களின் வாயில் சரளமாக வருகிறது. அந்த 'நாங்கள்' யார்? தோட்டம் போனவர்கள் பஸ் ஏறிச் சென்னைக்கும் டெல்லிக்கும் வழக்குக்கு அலைந்தார்கள். மூடிய பட்டறைகளில் வேலை இழந்த ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் போனார்கள். அந்த விலையைக் கொடுத்தவர்களில் நான் இல்லை. எனக்குச் சில மாதச் சம்பளம் போயிற்று, அவ்வளவுதான்.

பட்டறைகள் படிப்படியாகத் திறந்தபோது ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஷிப்ட் வேலை கிடைத்தது. நிறத்தை எடுத்தபின் எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் தண்ணீரைப் பிரிக்கிறோம். மிஞ்சும் உப்புநீரைச் சுத்தம் செய்து சாய மெஷினுக்கே திருப்பி அனுப்புகிறோம், மீதியை ஆவியாக்கி உப்பாக எடுக்கிறோம். தண்ணீரில் பெரும்பங்கு திரும்பத் திரும்பப் பட்டறைக்குள்ளேயே சுற்றுகிறது. செலவு அதிகம், கரண்டும் விறகும் தின்னும், ஆவியாக்கும் கலன் அடிக்கடி அடைத்துக்கொள்ளும். ஆனாலும் நடக்கிறது. முதல் முறை அந்த வெள்ளை உப்பு கன்வேயரில் இருந்து சாக்கில் விழுவதைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. அத்தனை காலமும் இதுதான் அப்புச்சியின் நிலத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. சாக்குச் சாக்காக, கண்ணுக்குத் தெரிகிற பொருளாக அன்றுதான் அதைப் பார்த்தேன்.

ஆற்றுக்கு உயிர் வந்த விதத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுதான் என் பழைய சமாதானத்தை உடைத்தது. மீனை யாரும் கொண்டுவந்து விட்டதால் அது திரும்பிவிடவில்லை. வெள்ளியங்கிரி மலைச்சரிவில் சின்னாறும் நீலியாறும் பெரியாறும் சேர்ந்து நொய்யலாகும் இடத்தில் அது என்றைக்கும் உயிரோடுதான் இருந்தது. கோவைக் குளங்களில் மீன் இருந்தது. கீழே கீழ்பவானிக் கால்வாயின் கசிவு நீர் வந்து சேரும் பள்ளங்களில் இருந்தது. காவிரியில் கலக்கும் முகத்தில் இருந்தது. நடுவில் நாங்கள் வைத்திருந்த உப்புச் சுவர் கொஞ்சம் இறங்கியதும் இரு பக்கத்தில் இருந்தும் உள்ளே வந்தது. நான் செத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் முழுக்க அது நாங்கள் வழிவிடுவதற்காகக் காத்துக்கொண்டிருந்தது. ஒரு தொட்டியை நான் விடாமல் இருந்திருந்தால் அதற்குப் பலன் இருந்திருக்கும்.

நொய்யலில் சேரும் நல்லாற்றின் மேல் இருக்கிறது நஞ்சராயன் குளம். அந்த நல்லாறும் ஒரு காலத்தில் சாயத்தைச் சுமந்ததுதான். அந்தக் குளத்தில் ஏறத்தாழ 190 பறவை இனங்களைப் பதிவு செய்திருக்கிறார்கள். 2022-இல் தமிழ்நாட்டின் பதினேழாவது பறவைகள் சரணாலயமானது, 2024 ஆகஸ்டில் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. இமயமலையைத் தாண்டி வரும் பட்டைத்தலை வாத்துகள் குளிர்காலத்தில் அங்கே வந்து இறங்குகின்றன. கரையில் காலையில் தொலைநோக்கியோடு நிற்கும் கல்லூரிப் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு உள்ளபடியே சந்தோஷமாக இருக்கிறது. அவர்களில் ஒரு பெண், "அங்கிள், நீங்க இந்த ஊர்தானா, முன்னாடி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள். மோசமாக இருந்தது என்றேன். யாரால் என்று அவள் கேட்கவில்லை, நானாகவும் சொல்லவில்லை. பத்து நிமிடம் பக்கத்திலேயே நின்று வாத்து பார்த்துவிட்டு வந்தேன். அதுவும் பழைய பொய்யின் தொடர்ச்சிதான் என்று வீட்டுக்கு வந்தபின் தோன்றியது.

மீட்சி என்பதையும் உள்ளது உள்ளபடி சொல்ல வேண்டும். நொய்யலில் இப்போது அதிகம் தெரிவது ஜிலேபி. அது உப்பையும் தாங்கும், சாக்கடையையும் தாங்கும். கோவையிலும் திருப்பூரிலும் வீட்டுக் கழிவுநீர் இன்னும் ஆற்றில் இறங்குகிறது, ஆகாயத்தாமரை அதைத் தின்று தின்று படர்கிறது. அயிரையும் ஆரலும் விராலும் பழையபடி கிடைக்கின்றன என்று சொல்ல எனக்கு வாய் வராது. மழை நாட்களில் சில இடங்களில் நுரை பொங்குவதும் நிற்கவில்லை. அந்த நுரையைப் பார்த்தால் எங்கோ ஒருவன் கையை வால்வில் வைத்திருக்கிறான் என்று எனக்குத் தெரிகிறது. அவன் தனக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானம்கூட எனக்குத் தெரியும். எங்கள் காலத்தில் ஆறு செத்துவிட்டது என்றோம், இப்போது அவன் ஆறு பிழைத்துவிட்டது, இதைத் தாங்கும் என்பான்.

அண்மையில் ஒரு கல்யாணத்தில் என் பழைய முதலாளியைப் பார்த்தேன். கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்தியா, ஆறு தானாவே சரியாயிருச்சு" என்றார். நல்ல மனிதர்தான், என் மகள் படிப்புக்கு உதவியவர். அதனால் நான் சிரித்துத் தலையாட்டியிருக்க வேண்டும். "தானா ஆகலீங்க. நம்மள நிறுத்துனதுனால ஆச்சு" என்றேன். அவர் கையை விட்டுவிட்டார். அந்தப் பேச்சுக்குப் பிறகுதான் மாமாவைப் பார்க்க ஊருக்குப் போக முடிவு செய்தேன்.

மாமா, அப்புச்சியின் மகன். தோட்டத்தில் ஒரு பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, மீதியை ஆடு மேயப் போட்டிருக்கிறார். கட்டிலில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பதிவேடு, குழாய், மழை இரவுகள், அப்புச்சியிடம் நான் சொன்ன வார்த்தை, எதையும் விடவில்லை. அவர் நடுவில் பேசவே இல்லை. முடித்ததும், "இருபது வருசம் கழிச்சு எங்கிட்டச் சொல்றே. அப்பன்கிட்டச் சொல்லியிருக்கோணும் மாப்ளே" என்றார். ஆமாம் என்றேன். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, "ஆத்துல மீனு வந்துருச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க, செரி. இந்தக் கெணத்தப் பாரு" என்று கூட்டிப் போனார். பையில் மீட்டர் இருந்தது. வாளியில் மொண்டு முக்கினேன். எண் நாலாயிரத்தைத் தாண்டி நின்றது. ஆற்றுத் தண்ணீர் ஓடிவிடும், நல்ல மழை இரண்டு வந்தால் கழுவிக்கொள்ளும். நிலத்தடி நீர் அப்படிக் கழுவப்படாது, மண்ணில் பிடித்த சோடியம் ஜிப்சம் போட்டு நல்ல தண்ணீர் கொண்டு அலசாமல் இறங்காது. நல்ல தண்ணீர் எங்கே இருக்கிறது?

"மேக்கால காட்டுல பருத்தி போடலாம்னு இருக்கறன். வருமா?" என்று கேட்டார்.

பருத்தி ஓரளவு உப்பைத் தாங்கும் பயிர். வரும் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தண்ணீரின் எண் இவ்வளவு என்று மீட்டரைத் திருப்பி அவருக்குக் காட்டினேன். மண்ணைப் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது மாமா என்றேன். மேற்குக் காட்டில் மூன்று இடத்தில் குழி தோண்டி, மேல்மண் ஒரு பை, ஒரு முழ ஆழத்து மண் ஒரு பை என்று தனித்தனியாக எடுத்தோம். மாமாவே பைகளின் மேல் எழுதினார், எந்த இடம், எத்தனை ஆழம் என்று. மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். முடிவுத்தாளை என்னிடம் தர வேண்டாம், நேராக அவர் பெயருக்கே அனுப்புங்கள் என்று விலாசம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.